இரண்டு கோவிந்தசாமிகள்

மொரீஷியஸின் எபேன் நகரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். ஒரு கோவில் நிர்வாகம் தன் பழைய திருமணப் பதிவேடுகளை ஸ்கேன் செய்து வைத்திருந்தது. அந்த 1,212 படக்கோப்புகளை ஒழுங்குபடுத்தும் வேலை சென்ற ஆண்டு என்னிடம் வந்தது. ஒவ்வொரு கோப்புக்கும் மணமகனின் பெயரைத் தமிழிலேயே இட்டிருந்தார்கள். முத்துசாமி அரசு ஆவணங்களில் மூட்டூசாமியாகிவிடுகிற இந்த நாட்டில், யாரோ பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொரு பெயரையும் தமிழில் தட்டச்சு செய்திருந்ததை நான் பெரிதாகவே மதித்தேன்.

வேலையை ஏஐ உதவியாளரிடம் கொடுத்தேன். அது கணினிக்குக் கட்டளைகளை எழுத்தில் கொடுக்கும் டெர்மினலில் கோப்புறையைப் படித்து, தேவையான கட்டளையை எழுதி, இயக்கலாமா என்று ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்கும். முதல் பத்துக் கட்டளைகளை வரி வரியாகப் படித்தேன். அது தவறே செய்யாததால், பிறகு படிக்காமலேயே என்டர் விசையை அழுத்தத் தொடங்கியிருந்தேன்.

பெயர்களின் குறியீட்டைச் சீராக்கலாம் என்று அது சொன்னது, சரியான யோசனைதான். கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கப் பயன்படுத்தும் யூனிகோடு முறையில் ‘கோ’ என்ற எழுத்தைக் ககரமும் ஓகாரக் குறியுமாக இரண்டு குறியீடுகளில் எழுதலாம். இரட்டைக் கொம்பையும் காலையும் பிரித்து மூன்றிலும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பழைய ஆப்பிள் கணினிகளின் கோப்பு முறைமை பெயரைப் பிரித்துச் சேமிக்கும். விண்டோஸில் தட்டச்சு செய்தவை பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். எங்கள் சர்வரை இயக்கும் லினக்ஸ் இவ்விரண்டையும் வெவ்வேறு பெயர்களாகவே கொள்வதால், அதில் இரண்டு கோவிந்தசாமிகள் அருகருகே இருந்தார்கள். பெயர்கள் சீரானதும் அவர்கள் ஒரே பெயருக்கு வந்தார்கள். பெயர் மாற்றும் எம்வி கட்டளையோ, அதே பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால் பொதுவாக எதுவும் கேட்காமல் அதன்மேல் எழுதிவிடும்.

மாலையில் எண்ணிப் பார்த்தபோது 1,209 கோப்புகள்தான் இருந்தன. காரணத்தைக் கேட்டதும் உதவியாளர் நேர்மையாகவே விளக்கி, அழிந்த மூன்று பெயர்களையும் சொன்னது. ஆனால் அனுமதி நான் கொடுத்தது. நகல் எடுக்காமல் மூலக் கோப்புகள் மீதே வேலை செய்ததும் நான்தான்.

இரண்டு படங்கள் பழைய மின்னஞ்சல் ஒன்றில் கிடைத்தன. மூன்றாவதற்காகக் கோவிலுக்கே போக வேண்டியிருந்தது. நிர்வாகத்துப் பெரியவரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் பீரோவைத் திறந்து பதிவேட்டை எடுத்து வைத்து, “மெதுவா திருப்புங்க தம்பி, ஓரம் உதிருது” என்று மட்டும் சொன்னார். ஈரத்தில் மை பரவியிருந்த அந்தப் பக்கத்தில், கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருவிரல் ரேகை இருந்தது; கோடுகள் இன்னும் தெளிவாகத் தெரிந்தன. அதை ஸ்கேன் செய்து முடிக்கும்வரை எங்கள் இருவருக்கும் பேசத் தோன்றவில்லை.

இப்போது எந்தக் கோப்புறையைத் தொடுவதற்கு முன்பும் நகல் எடுக்கிறேன். எந்தப் பெயர் எந்தப் பெயராக மாறும் என்ற முழுப் பட்டியலை முதலில் தரச் சொல்லி, ஒரே பெயர் இருமுறை வருகிறதா என்று பார்த்த பிறகே அனுமதிக்கிறேன். மேலெழுதுவதைத் தடுக்கும் ‘மைனஸ் என்’ (-n) என்ற குறி சேர்க்கப்படாத எம்வி கட்டளையைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். வேலை முன்பைவிட மெதுவாகத்தான் நடக்கிறது. இரண்டு கோவிந்தசாமிகளின் பெயர்களுக்கு முன்னால் இப்போது பதிவேட்டு எண்ணும் பக்க எண்ணும் இருக்கின்றன.