ஊசவே இல்லீங்க சார்

2024 ஏப்ரல் கடைசி. ஈரோட்டில் வெயில் 42 டிகிரியைத் தொட்டிருந்த நாட்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் ராத்திரிப் பந்தியில் சாப்பிட்ட பத்துப் பன்னிரண்டு பேருக்கு வாந்தி என்று போன் வந்தது. உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு முகூர்த்த நாளில் தூக்கம் கிடையாது. கிளம்பினேன்.

தகரக் கூரை போட்ட சமையல்கட்டு. மதியம் இரண்டு மணிக்கு வடித்த சோறு இன்னும் கால் அண்டா மிச்சமிருந்தது. தெர்மாமீட்டரை மேலாகக் குத்தினேன்: 34. கம்பி முழுக்க இறங்கியதும் 41. மணி அப்போது இரவு பத்து.

மாஸ்டர் ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தார். "ஊசவே இல்லீங்க சார். முப்பது வருசமா இப்படித்தான் வடிக்கிறேன்."

அவர் பொய் சொல்லவில்லை. சோறு ஊசவில்லைதான். மாதிரி எடுத்து அனுப்பினேன். முடிவு வர நாளாகும். ஆனால் சாப்பிட்ட இரண்டு மூன்று மணி நேரத்திலேயே வாந்தி என்றால் என் சந்தேகம் முதலில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா மேல்தான் போகும். சோறு கொதிக்கும்போதும் அதன் வித்துகள் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். அதற்கு வாடையும் இல்லை, மறுபடி சூடாக்கினாலும் போகாது. அதனால்தான் சூடான உணவு 60 டிகிரிக்கு மேல், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழ் என்கிறது விதி.

எல்லாவற்றையும் பருவநிலை மாற்றத்தின் தலையில் கட்ட எனக்கு விருப்பமில்லை. தகரக் கூரை போட்டது மனிதர்கள், பந்தியைத் தாமதமாக்கியது மாப்பிள்ளை ஊர்வலம். ஆனாலும் மாஸ்டரின் கைக்கணக்கு பழைய ராத்திரிகளுக்குப் பழகியது. இருட்டினால் காற்று குளிரும், அண்டாவும் ஆறும். இப்போது இரவு பத்துக்கும் அந்தச் சமையல்கட்டில் 33 டிகிரி. அண்டா எங்கே ஆறும்? பச்சை முட்டை மயோனைசுக்கு 2025 ஏப்ரலில் அரசு ஓராண்டுத் தடை போட்டபோது எல்லோரும் ஷவர்மாவைத் திட்டினார்கள். சோற்றை யாரும் சந்தேகப்படுவதில்லை.

"வடிச்சதும் தாம்பாளத்துல மெல்லிசா விரிச்சு ஆற வைங்க, அப்புறம் ஃப்ரிட்ஜுக்குள்ள வைங்க" என்றேன்.

"ஆயிரம் பேர் சோத்தை எங்கீங்க சார் விரிக்கறது? அந்த ஏசி ஹால்லயா?"

நோட்டீஸில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.