கே.இ.70 குறிப்பு: முறிந்த சாவியும் இறுகிய ஸ்டியரிங்கும்

இந்த முறை கார்புரேட்டர் வேலையைப் பற்றித்தான் எழுதுவதாக இருந்தது. அது கழற்றின நிலையில் அலுமாரிக்குள் இருக்கவில்லை, நல்ல வேளையாக வண்டியிலேயே இருந்தது. அதைத் தொடுவதற்குள் மாமாவின் கையில் சாவி முறிந்தது. தலை அவர் விரலிலே, அலகு பூட்டுக்குள்ளே. ஸ்டியரிங்கும் இறுகிப் போய் நின்றது.

புதிதாக வாசிப்பவர்களுக்கு: வண்டி 1982ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா, கே.இ.70 மாடல். 1290 சிசி 4கே என்ஜின், பின் சக்கரம் தள்ளும் வண்டி, பவர் ஸ்டியரிங் கிடையாது. மாமா தோட்டத்தில் கிளாக்கராக இருந்த காலத்தில் வாங்கியது. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில் தனியார் வாகனத்துக்குத் திறந்தபோது வரியும் சேர்ந்து விலை எங்கேயோ போய் நின்றது. ஆகவே இருக்கிற கிழட்டு வண்டியைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை, ஞாயிற்றுக்கிழமைக்கு வேலை கிடைக்கிறது.

சாவி முறிந்த இடம் தலவாக்கலைக்கு மேலே ஏறும் தோட்டத்து ரோட்டு. இடது பக்கம் மண் திட்டும் வடிகாணும், வலது பக்கம் தேயிலை மலை கீழே இறங்குகிறது. வண்டி இறக்கத்தைப் பார்த்து நின்றது. இந்தப் பக்கத்தில் ஓட்டிப் பழகின யாரையும் கேளுங்கள், ஒரே பாடம்தான்: வீலைத் திட்டுப் பக்கம் ஒடி, ஹேண்ட் பிரேக்கை இழு, ரிவர்ஸ் கியரைப் போடு, டயருக்குக் கல்லைக் கொடு. பிரேக் விட்டாலும் வண்டி திட்டில்தான் போய் முட்டும், பள்ளத்துக்குப் போகாது. நல்ல பாடம். மாமா அதில் ஒரு எழுத்துக் கூடப் பிசகுவதில்லை.

சாவியை முறித்ததும் அதே பாடம்தான்.

ஸ்டியரிங் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் விளங்கும். சாவியை லாக்குக்குத் திருப்பி வெளியே எடுத்ததும், ஒரு ஸ்பிரிங் ஒரு இரும்புத் தாழ்ப்பாளைத் தள்ளுகிறது. அது ஸ்டியரிங் தண்டில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் போய் விழுகிறது. திரும்ப சாவியைப் போட்டுத் திருப்பும்போது உள்ளே ஒரு கேம், அதாவது ஒரு பக்கம் புடைத்த சுழல் துண்டு, அந்தத் தாழ்ப்பாளைப் பின்னுக்கு இழுக்கிறது. சமதரையில், வீல் நேராக நின்றால், இதற்குச் சுண்டுவிரல் பலம் போதும். இறக்கத்தில் வீலை ஒடித்துத் திட்டில் சாய்த்துவிட்டால் கதை வேறு. வண்டியின் பாரம் டயரை முறுக்குகிறது, டயர் தண்டை முறுக்குகிறது, தண்டு தாழ்ப்பாளின் பக்கத்தில் ஏறி அழுத்துகிறது. இப்போது சாவியைத் திருப்புகிறவர் ஸ்பிரிங்கோடு மட்டும் மல்லுக்கட்டவில்லை, அந்த முறுக்கு முழுவதையும் இழுக்கிறார். எல்லாம் சாவியின் கழுத்தில் வந்து நிற்கிறது.

மாமா ஓட்டிப் பழகியது 1950களில் செய்த ஒரு மொரிஸ் மைனரில். அதில் சாவித் துவாரம் டேஷ்போர்டில் இருக்கும், ஸ்டியரிங் பூட்டே கிடையாது. வீலை எப்படி ஒடித்து வைத்தாலும் சாவிக்கு நோகாது. அமெரிக்காவில் புதுக் கார்களுக்கு இப்படியான திருட்டுத் தடுப்புப் பூட்டு கட்டாயமானது 1970 ஜனவரியில்தான். பாடம் அதற்கு முந்தின வண்டியில் படித்தது, வண்டி அதற்குப் பிந்தினது. மாமாவிடம் இதைச் சொன்னபோது, "அப்போ வீல ஒடிக்காம பள்ளத்துல விடச் சொல்றியா மாப்ள?" என்று கேட்டார். அப்படிச் சொல்லவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் வண்டியை அசைக்க வேண்டியிருந்தது. சாயங்காலம் கொழுந்து லொறி அந்த வழியாகத்தான் வரும். அது வந்து நின்றால் ஒரு டிவிஷனின் கொழுந்தே நிற்கும், அதற்கப்புறம் மாமாவின் வயதையும் பார்க்க மாட்டார்கள்.

பூட்டுக்குள் முறிந்த துண்டு கெடுதல் என்று நினைக்க வேண்டாம். முழு அலகும் உள்ளே இருக்கிறவரை, பூட்டைப் பொறுத்தவரை சாவி இருக்கிறது. உள்ளே இருக்கிற பித்தளைத் தகடுகள் எல்லாம் சரியான மட்டத்தில்தான் நிற்கின்றன, திருப்பத்தான் கைப்பிடி இல்லை. ஒல்லியான தட்டை ஸ்குரூ டிரைவரை சாவித் துவாரத்தில் முறிந்த முனைக்குப் பின்னால் வைத்தால் அதுவே கைப்பிடி. ஆகவே அந்த நேரத்தில் துண்டை வெளியே இழுக்கப் போகக்கூடாது. இழுத்தால் வண்டி பூட்டின நிலையில் ரோட்டிலேயே கிடக்கும்.

ஆனால் முறுக்கை எடுக்காமல் ஸ்குரூ டிரைவரைத் திருப்பினால் அதுவும் முறியும், துவாரத்தின் வாயும் கிழியும். ஸ்டியரிங்கைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், கல்லு மாதிரி நின்றது. சமதரையில் பூட்டின ஸ்டியரிங்குக்கும் இரண்டு பக்கமும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். இதில் மயிரிழை கூட இல்லை. தாழ்ப்பாள் ஒரு பக்கமாகக் கடிபட்டிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஜாக்கை எடுத்தேன். இறக்கத்தில் நிற்கிற வண்டியின் முன் பக்கத்தைத் தூக்குவது விளையாட்டு இல்லை. இதில் ஹேண்ட் பிரேக்கும் கியரும் பின் சக்கரத்தைப் பிடிப்பதால்தான் துணிந்தேன். முன் சக்கரம் இழுக்கும் வண்டியில் கியர் முன் சக்கரத்தைத்தான் பிடிக்கும். ஒரு முன் சக்கரத்தைத் தூக்கினதும் அந்தப் பிடி போய்விடும், ஹேண்ட் பிரேக் ஒன்றை நம்பித்தான் நிற்க வேண்டும். பின் டயர் இரண்டுக்கும் இறக்கப் பக்கத்தில் நல்ல கருங்கல்லாகப் பார்த்து மிதித்து இறுக்கினோம். மாமாவைக் கீழ்ப்பக்கம் நிற்க வேண்டாம் என்று மேலே அனுப்பினேன். இடது முன் சக்கரம் மண்ணை விட்டுக் கிளம்பினதும் டயர் தானாகவே ஒரு துள்ளல் துள்ளித் திரும்பியது. ஸ்டியரிங்கைத் தொட்டால் இரண்டு பக்கமும் டொக், டொக் என்று ஆட்டம்.

அதன் பிறகு பெரிய கதை இல்லை. இடது கையால் ஸ்டியரிங்கை ஆட்டத்தின் நடுவில் பிடித்துக்கொண்டு வலது கையால் ஸ்குரூ டிரைவரைத் திருப்பினேன். ஏசிசி (ரேடியோ போன்றவற்றுக்கு மட்டும் கரண்ட் போகிற நிலை), ஆன், ஸ்டார்ட். என்ஜின் பிடித்தது. ஜாக்கை இறக்கி, கல்லை எடுத்து, மாமா வீட்டு முற்றத்துக்கு ஓட்டிவந்தாயிற்று. என்ஜினை அணைத்துவிட்டு இறக்கத்தில் உருட்டிக்கொண்டு வரலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். பெட்ரோல் மிச்சம் பிடிக்க இங்கே நிறையப் பேர் செய்கிற வேலைதான். என்ஜின் ஓடாவிட்டால் பிரேக் பூஸ்டரின் வேக்குவம் சில மிதிகளிலேயே தீர்ந்துவிடும். பாதி சாவியோடு அது வேறு எதற்கு?

முற்றம் சமதரை. வீலை நேராக்கி, லாக்குக்குத் திருப்பிவிட்டுத்தான் துண்டை எடுக்கப் போனேன். லாக் நிலையில் மட்டும்தான் பூட்டு சாவியை வெளியே விடும், மற்ற நிலைகளில் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் டபிள்யூடி 40 அடித்து ஊறவிட்டேன். பிரெட் சோ என்கிற நுணுக்க வேலை வாளின் மெல்லிய பிளேடு இரண்டை எடுத்து, பல்லு என் பக்கம் பார்க்கிற மாதிரி, துண்டின் வெட்டுப் பக்கமாக நுழைத்தேன். உள்ளே போகும்போது வழுக்கும், வெளியே இழுக்கும்போது பல்லு கொளுவும். முதலில் பிளேடு மட்டும் வந்தது, பிறகு பிளேடு முறிந்தது. பிறகு துண்டு நகம் பிடிக்கிற அளவுக்கு வெளியே வந்தது, குறட்டால் பிடித்து எடுத்தேன். சூப்பர் குளூவை ஈர்க்குச்சியில் தொட்டு ஒட்டி இழுக்கச் சொல்லி ஒரு வைத்தியம் உண்டு. பசை தகடுகளுக்குள் ஒழுகினால் பூட்டையே தூக்கி எறிய வேண்டிவரும், அந்தப் பக்கம் போகவில்லை.

முறிந்த முகத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் கறுத்து, எண்ணெய் அழுக்கு ஏறிக் கிடந்தது. மீதிதான் புது வெள்ளையாகப் பளபளத்தது. அதாவது கழுத்தில் வெடிப்பு விழுந்து பல காலம், மாமா கடைசி மிச்சத்தைத்தான் முறித்தார். அவரிடம் காட்டியதும் முகம் தெளிந்தது. "நாந்தான் முறிச்சேன்னு ஒங்க அத்தை சொல்லிக்கிட்டு இருக்கா, இதக் கொண்டு போய்க் காட்டு" என்றார்.

சாவி வெட்ட ஹட்டனுக்குப் போனேன். துண்டு இரண்டையும் கண்ணாடி மேல் வைத்து நேராக்கி ஒட்டிக் கொண்டுபோனேன், ஒட்டுவதற்கு அதுதான் சரியான இடம். கடை மெஷின் பழைய சாவியின் மேடு பள்ளத்தைத் தடவி அப்படியே வெட்டும். நாற்பது வருடத் தேய்மானத்தையும் சேர்த்து வெட்டும். இப்படிப் பிரதிக்குப் பிரதி எடுத்தால் ஒவ்வொரு தடவையும் சாவி அசலிலிருந்து விலகும். குறைவாகத் தேய்ந்திருப்பது வழக்கமாக இடது கதவின் பூட்டு, அதைக் கழற்றி அசல் ஆழத்தைப் படிக்கலாம் என்று ஆசையாக இருந்தது. பார்த்தால் கதவுச் சாவி வேறு, இக்னிஷன் சாவி வேறு. எப்போதோ யாரோ ஸ்டியரிங் பூட்டை மாற்றியிருக்கிறார்கள். மாமாவுக்கு ஞாபகம் இல்லை.

புதுச் சாவி போனது, ஆனால் தடவித் தடவித்தான் திரும்பியது. ஆகவே பூட்டின் பீப்பாயை, அதாவது சாவி நுழைகிற உருளையை, கழற்றினேன். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயர். பிறகு ஸ்டியரிங் தண்டைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் மூடி. சாவியை ஏசிசியில் வைத்து, பூட்டின் உடம்பில் இருக்கிற சின்னத் துளையில் ஒரு ஆணியை அழுத்தினால் பீப்பாய் சாவியோடு சேர்ந்து கையில் வந்துவிடும். சாவி இல்லாமல் இது நடக்காது, அதனால்தான் முதலில் சாவி. ஒரு வெள்ளைச் சேலைத் துண்டை விரித்து அதன் மேல் வைத்துச் சாவியை மெதுவாக உருவினேன். தகடுகள் ஒவ்வொன்றாகத் தலை நீட்டின. கீழே இருக்கிற ஸ்பிரிங் ஒவ்வொன்றும் தலைமயிர் கனத்தில் கம்பி, தும்மினால் காணாமல் போகும். தகடுகளுக்கு இடையில் கறுப்பாகக் களி மாதிரி ஒன்று அடைந்திருந்தது. வருடக்கணக்காக ஊற்றின எண்ணெயும் தூசியும் இந்த மழைக் காட்டு ஈரமும் சேர்ந்த பாகு. மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்தேன். சாவியைத் திரும்பப் போட்டால் ஒரே ஒரு தகடு மட்டும் விளிம்புக்கு வெளியே நின்றது. தகட்டை அராவுவதா சாவியை அராவுவதா என்று யோசித்து, சாவியில் அந்த இடத்தை மட்டும் ஊசி அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தேன். சாவி கெட்டால் இன்னொன்று வெட்டலாம், தகடு கெட்டால் தேட வேண்டும்.

பீப்பாய்க்குள் எண்ணெய் விடவில்லை, கிராபைட் தூள் மட்டும். தாழ்ப்பாளின் பக்கங்களுக்கு லேசாகக் கிரீஸ்.

இடையில் டவுனில் ஒரு கராஜில் பேச்சு வந்தது. அங்கே மெக்கானிக் பாஸ் சிங்களத்தில் ஒரே போடாகப் போட்டார்: "மல்லி, ஓக கபலா புஷ் பட்டன் எகக் தாமு." வெட்டி எறிந்துவிட்டுப் பட்டன் வைத்தால் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். இந்த மலையில் அப்படி ஓடுகிற வண்டிகள் நிறைய, மலிவும்தான். எனக்குப் பயம் பட்டனில் இல்லை. கரண்ட் ஸ்விட்ச் பூட்டின் பின்னால் இருக்கிற தனிச் சாமான், அதை எப்படியும் மாற்றலாம். பீப்பாயை மட்டும் உடைத்து எடுத்துவிட்டுத் தாழ்ப்பாளையும் ஸ்பிரிங்கையும் உள்ளேயே விட்டுவிடுகிறார்களே, அதுதான். தாழ்ப்பாளைப் பின்னுக்குப் பிடித்து வைத்திருக்கிற கேம் போய்விட்டால், ஏதோ ஒரு குலுக்கலில் அது பள்ளத்தில் விழலாம். ஏ7 ரோட்டில் செயின்ட் கிளேயர் பக்க வளைவுகளில் ஸ்டியரிங் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. எடுப்பதானால் தாழ்ப்பாளோடு முழுப் பூட்டையும் எடுக்க வேண்டும்.

அந்த முழுப் பூட்டு தண்டில் இரண்டு போல்டில் நிற்கிறது. இறுக்கும்போதே தலை ஒடிந்து விழுகிற மாதிரிச் செய்த போல்ட், திருடன் ஸ்பேனர் போட முடியாது, நானும் போட முடியாது. நடுவில் பன்ச் அடித்து ட்ரில் போட்டு எடுக்க வேண்டும், அல்லது விளிம்பில் கூர் உளியை வைத்து இடது பக்கமாகத் தட்டித் தட்டிச் சுழற்ற வேண்டும். இப்போதைக்கு அதைத் தொடவில்லை, பூட்டு நன்றாக இருக்கிறது.

மாமாவின் கேள்விக்கு வருகிறேன். வீலைத் திட்டுப் பக்கம் ஒடிக்கத்தான் வேண்டும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கல்லைக் கொடுத்து, கால் பிரேக்கை மெல்ல விட்டு வண்டியைக் கல்லில் சாய விட வேண்டும். பாரம் கல்லுக்குப் போன பிறகு ஸ்டியரிங்கில் இருக்கிற முறுக்கை ஒரு விரற்கடை பின்னுக்கு விட்டு, அதன் பிறகு சாவியை எடுக்க வேண்டும். கிளப்பும்போது முதலில் இடது கை ஸ்டியரிங்கை அசைக்க வேண்டும், ஆட்டம் வந்த பிறகுதான் வலது கை சாவியைத் திருப்ப வேண்டும். அசையாவிட்டால் திருப்பக்கூடாது, இறங்கி ஜாக்கை எடுக்க வேண்டியதுதான். அதே இறக்கத்தில் வைத்துச் செய்து பார்த்தோம், புதுச் சாவி இரண்டு விரலில் திரும்பியது. மாமா தனியாகப் போகும்போது இதைச் செய்கிறாரா என்று அத்தையிடம்தான் கேட்க வேண்டும்.

ஹட்டனில் இன்னும் இரண்டு சாவி வெட்டச் சொல்லியிருக்கிறேன், அராவின சாவியைப் பார்த்து. ஒன்று அத்தையிடம் இருக்கும். கொழும்புக்குப் போகிற ஒரு கூட்டாளியிடம், பழைய வாகனச் சாமான் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தையில் இதற்கு முழுப் பூட்டு சாவியோடு கிடைத்தால் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன், கிடைத்தால் அலுமாரியில் கிடக்கட்டும். கார்புரேட்டரின் மிதவை ஊசி இன்னும் ஒழுகுகிறது, மழை விட்டதும் அதைக் கழற்றப் போகிறேன்.