ஜெர்மனியில் புல் மேய்ந்த மாட்டின் கறியைத் தேடி

பச்சை நிறத்தில் நட்சத்திரங்களால் ஆன இலை முத்திரை, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆர்கானிக் முத்திரை, இருந்தால் போதும், அந்த மாடு வாழ்நாள் முழுவதும் புல்வெளியில் மேய்ந்தது என்று ஜெர்மனிக்குக் குடிவந்த நம் மக்களில் பலர் நம்பிவிடுகிறார்கள். ஆர்கானிக் இறைச்சி என்பது வேறு, புல்லை மட்டுமே தின்று வளர்ந்த மாட்டின் இறைச்சி என்பது வேறு. முத்திரை முதல் கேள்விக்கு மட்டும்தான் விடை சொல்கிறது. இரண்டாவதை நாம்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் இப்போதைய ஆர்கானிக் சட்டம் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. ரசாயன உரமும் பூச்சிக்கொல்லியும் இடாத நிலத்தில் விளைந்த தீவனம், மரபணு மாற்றிய சோயாவுக்குத் தடை, நோய் வருமுன்னே ஆன்டிபயாடிக் கொடுப்பதற்குத் தடை, பருவநிலை இடம்கொடுக்கும்போதெல்லாம் மேய்ச்சல் என்று அது வகுத்திருக்கும் விதிகள் உண்மையிலேயே மதிக்கத்தக்கவை. ஆயினும் மாட்டின் அன்றாடத் தீவனத்தில், உலர் எடைக் கணக்கில், குறைந்தது 60 சதவீதம் புல், வைக்கோல், சைலேஜ் (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்க வைத்த பசுந்தீவனம்) போன்ற நார்த்தீவனமாக இருந்தால் போதும் என்றே அது சொல்கிறது. எஞ்சியது தானியமாக இருக்கலாம். அந்த 60 சதவீதத்துக்குள்ளும் மக்காச்சோளச் சைலேஜ் இடம்பெறலாம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, சட்டம் அளக்க வந்தது வேறொன்றை, அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறானது அயர்லாந்து மாட்டிறைச்சி. 2023-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு பெற்ற அயர்லாந்துப் புல்தீவன இறைச்சிக்கு, தீவனத்தில் 90 சதவீதம் புல்லாக இருக்க வேண்டும், ஆண்டில் 220 நாட்கள் மாடு மேய்ச்சலில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அந்தப் புல்லுக்கு யூரியா போடுவதை இந்தக் குறியீடு தடுப்பதில்லை. அர்ஜென்டினா என்ற பெயரைப் பார்த்தவுடன் பரந்த புல்வெளியைக் கற்பனை செய்துகொள்வதும் வேண்டாம். அங்கும் கணிசமான மாடுகள் கடைசி மாதங்களில் பட்டியில் அடைக்கப்பட்டுத் தானியத்தால் கொழுக்க வைக்கப்படுகின்றன.

ஜெர்மனியில் சாதாரணக் கடைகளில் கிடைக்கும் கறியில் பெரும்பகுதி, கொட்டிலுக்குள்ளேயே மக்காச்சோளச் சைலேஜும் அடர்தீவனமும் தின்று ஏறத்தாழ ஒன்றரை வயதில் அறுக்கப்படும் இளங்காளைகளிலிருந்தும், கறவை முடிந்த பால்பசுக்களிலிருந்தும் வருகிறது. பொட்டலத்தின் பின்புறச் சீட்டைப் பாருங்கள். மாடு பிறந்த நாடு, வளர்ந்த நாடு, அறுக்கப்பட்ட நாடு, துண்டு போடப்பட்ட நாடு ஆகியவையும், அறுவைக்கூடத்தின் அனுமதி எண்ணும் அதில் இருக்கும். மேட் கவ் நோய் ஐரோப்பாவை உலுக்கிய காலத்தில், 2000-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம் இதைக் கட்டாயமாக்கியது. இவ்வளவு துல்லியமாகப் பேசும் அந்தச் சீட்டு, மாடு என்ன தின்றது என்பதைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. மேய்ச்சல் மாடு என்று பெரிய எழுத்தில் முன்புறம் அச்சிட்டிருந்தாலும், அந்தச் சொல்லுக்குச் சட்டப் பாதுகாப்பு எதுவும் இங்கே கிடையாது.

இந்நிலையில் உதவுபவை உழவர் சங்கங்களின் முத்திரைகள். 1971-இல் தொடங்கிய பீயோலாண்ட், 1982-இல் தொடங்கிய நாட்டூர்லாண்ட், இவற்றுக்கெல்லாம் மூத்த டெமெட்டர் ஆகியவற்றின் விதிகள் ஐரோப்பியச் சட்டத்தைவிடக் கடுமையானவை. டெமெட்டர் பண்ணையில் மாட்டின் கொம்பைத் தீய்க்கவோ அறுக்கவோ கூடாது என்பது எனக்கு மிகவும் பிடித்த விதி. இருந்தாலும் புல் மட்டுமே என்ற உறுதியை இந்த முத்திரைகளும் தருவதில்லை.

ஆகவே நேரே பண்ணைக்குப் போவதுதான் வழி. கன்றுகளைத் தாயுடனேயே விட்டு வளர்க்கும் சிறு பண்ணைகள் ஊருக்கு வெளியே ஏராளம் உண்டு. காலோவே, ஆங்குஸ், ஹைலாண்ட் என்று அவர்கள் வளர்க்கும் இனங்கள் புல்லை மட்டும் தின்றே சதை பிடிப்பவை. அங்கே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே. குளிர்காலத்தில் என்ன கொடுக்கிறீர்கள்? அறுப்பதற்கு முந்தைய மூன்று மாதங்களில் என்ன கொடுத்தீர்கள்? நான் கறி வாங்கும் பண்ணையின் அம்மையார் முதல் கேள்விக்கு வாயால் பதில் சொல்லாமல், என்னைக் களஞ்சியத்துக்கு அழைத்துச் சென்று அடுக்கி வைத்திருந்த காய்ந்த புல் கட்டு ஒன்றைப் பிரித்துக் கையில் கொடுத்தார். குளோவர் பூக்கள் நிறம் மாறாமல் அதில் ஒட்டியிருந்தன. இரண்டாவது கேள்விக்கு, "அதே புல்தான், அதனால்தான் இரண்டரை வயதுவரை காத்திருக்கிறோம்" என்றார். ஓர் உழவர் அந்தக் காத்திருப்புக்கான செலவைத் தாங்குகிறார் என்பதை உணர்ந்தால் விலையைப் பற்றிப் பேரம் பேசத் தோன்றாது. நான் பார்த்த பண்ணைகளில் எல்லாப் பாகமும் கலந்த கறி கிலோ 15 முதல் 20 யூரோ வரை போகிறது.

எல்லாப் பாகமும் கலந்தே தருவார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். பத்துக் கிலோ பெட்டியில் முதுகுச்சதை கொஞ்சமும், காற்கறி, நெஞ்சுக்கறி, கொத்துக்கறி ஆகியவை மிகுதியாகவும் இருக்கும். ஸ்டேக் மட்டுமே சுடத் தெரிந்தவர்கள் மீதியை என்ன செய்வதென்று திண்டாடுவார்கள். நமக்கோ அந்த மீதிதான் கறி. நாங்கள் இன்னொரு தமிழ்க் குடும்பத்துடன் பெட்டியைப் பங்கு போட்டுக்கொள்கிறோம். எலும்பும் வாலும் வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லி வைத்தால் மிகக் குறைந்த விலைக்கு எடுத்து வைப்பார்கள்.

கொழுப்பு இளமஞ்சளாக இருந்தால் பழைய கறி என்று தயங்க வேண்டாம். பச்சைப் புல்லில் உள்ள பீட்டா கரோட்டின் தரும் நிறம் அது. ஒமேகா 3 கொழுப்பும் தானியம் தின்ற மாட்டைவிட இதில் கூடுதல்தான், என்றாலும் ஒரு துண்டு மத்தி மீனுக்கு அது ஈடாகாது. அதற்காக மட்டும் யாரும் இவ்வளவு விலை கொடுக்கத் தேவையில்லை. சதைக்குள் கொழுப்பு குறைவு என்பதால் அதிகத் தீயில் வைத்தால் விறைத்துவிடும். குக்கரில் அவசரப்படுத்தாமல், நல்லமிளகும் சின்ன வெங்காயமும் தேங்காய்க் கொத்தும் சேர்த்து, கனத்த சட்டியில் மூடி, சிறு தீயில் இரண்டரை மணி நேரம் விட்டால், நாகர்கோவில் பக்கத்து வறுவலின் மணம் அப்படியே வந்துவிடுகிறது.

பல பண்ணைகள் மேய்ச்சல் முடியும் அக்டோபர், நவம்பரில்தான் மாடுகளை அறுக்கின்றன. 2021-இல் ஐரோப்பிய விதி தளர்ந்த பிறகு, ஒரு முறைக்கு மூன்று மாடுகள் வரை லாரியில் ஏற்றாமல் பண்ணையிலேயே வைத்து உயிர் நீக்கவும் இடம் உண்டு. அப்படிச் செய்கிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இறைச்சியை இரண்டு மூன்று வாரம் தொங்கவிட்டுப் பதப்படுத்திய பிறகே துண்டு போடுவதால், கிறிஸ்துமஸுக்குக் கறி வேண்டுமென்றால் ஆகஸ்டிலேயே பெயர் கொடுத்துவிட வேண்டும்.