மணல் வடிகட்டி: மேலே நிற்கும் 5 செ.மீ. தண்ணீர்

கிணறோ போர்வெல்லோ, வீட்டில் மணல் வடிகட்டி கட்டுவதற்கு முன் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மணலும் அதன் மேல் வளரும் உயிர்ப்படலமும் (நுண்ணுயிர்கள் சேர்ந்த மெல்லிய படலம்) கலங்கலை எடுக்கும், இரும்பை எடுக்கும், வயிற்றுப்போக்குக் கிருமிகளைப் பெருமளவு குறைக்கும். உப்பு, ஃப்ளோரைடு, நைட்ரேட் மூன்றும் அப்படியே இறங்கிவரும். டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) லிட்டருக்கு 2000 மில்லிகிராமையோ ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமையோ தாண்டினால் கட்டிப் பயனில்லை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் ஷாப்புக் கழிவு இறங்கிய நிலம் என்றால் குரோமியமும் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் இந்த வழியே வேண்டாம்.

வீட்டுக்கு ஓரடிச் சதுரம், மூன்றடி உயரக் கான்கிரீட் பெட்டி போதும். அடியில் 6 முதல் 12 மி.மீ. ஜல்லி 5 செ.மீ., அதன் மேல் பொடி ஜல்லி 5 செ.மீ., அதற்கு மேல் 0.7 மி.மீ. சல்லடையில் இறங்கிய மணல் 54 செ.மீ. பெட்டியில் முதலில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் மணலைக் கொட்ட வேண்டும். காய்ந்த மணலைப் போட்டால் உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும். குவாரி மணலே நல்லது. ஆற்று மணலில் அழுக்கும் கிருமியும் கலந்திருக்கும்.

மணல் கழுவுவதில்தான் பலரும் தவறுகிறார்கள். கழுவிய மணலைக் கண்ணாடி பாட்டிலில் தண்ணீரோடு போட்டுச் சுழற்றுங்கள். மூன்று நான்கு நொடி கழித்து, லேசான கலங்கல் வழியாக மணலின் மேல்பரப்பு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இன்னும் கழுவுங்கள். பளிங்கு மாதிரி தெளிந்திருந்தால் நுண்துகள் எல்லாம் போய்விட்டது, தண்ணீர் வேகமாக ஓடிவிடும். பெட்டி நிறைந்திருக்கும்போது ஒரு லிட்டர் பிடிக்க இரண்டரை நிமிடமாவது ஆக வேண்டும்.

வடிந்த தண்ணீரை வெளியே கொண்டுவர அடியிலிருந்து ஏறிவரும் குழாயின் வாய், மணலுக்கு 5 செ.மீ. மேலே இருக்கட்டும். ஓட்டம் நின்ற பிறகும் அவ்வளவு தண்ணீர் மணல் மேல் நிற்கும். அதைவிட ஆழமானால் காற்று படலம் வரை இறங்காது. குறைந்தால் ஊற்றும் வேகத்தில் மணல் குழியும், மே மாத வெயிலில் காய்ந்தும் போகும். ஊற்றும் தண்ணீர் நேரே மணலில் விழாமல், மேலே ஓட்டை போட்ட தட்டு வையுங்கள். குழாய் வாயில் டேப்பும் வேண்டாம், ஹோஸும் வேண்டாம். டேப்பை மூடினால் தண்ணீர் மட்டம் ஏறும்; ஹோஸ் மாட்டினால் சைஃபன் ஆகி, மணல் மேல் நிற்கும் தண்ணீரையும் உறிஞ்சிவிடும். இரண்டிலும் படலம் செத்துப்போகும்.

படலம் பிடிக்க ஒரு மாதம் வரை ஆகும், அதுவரை காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். ஒரு தடவைக்கு 12 லிட்டர் ஊற்றி, ஓட்டம் நின்றபின் குறைந்தது ஒரு மணி நேரம் விடுங்கள். 48 மணி நேரத்துக்கு மேல் சும்மா விடக் கூடாது. தினமும் ஒரே கிணற்றுத் தண்ணீர்தான். இன்று போர், நாளை லாரி என்று மாற்றினால் படலம் தாங்காது. குளோரின் போட்டு வரும் காவிரிக் கூட்டுக் குடிநீரை இதில் ஊற்றவே கூடாது. குளோரின் வேண்டுமானால் வடிந்து வந்த பாத்திரத்தில் போடுங்கள்.

போர் தண்ணீரில் இரும்பு அதிகமென்றால் மேல் மணல் சீக்கிரம் செங்காவியாக அடைபடும். தண்ணீரை உயரத்திலிருந்து டிரம்மில் விழவிட்டு, ராத்திரி தெளியவைத்து மேல்தண்ணீரை மட்டும் ஊற்றினால் அடைப்பு குறையும். ஓட்டம் மிகவும் குறைந்துவிட்டால், நிற்கும் தண்ணீரில் உள்ளங்கையால் மேல் மணலை மட்டும் மெல்லக் கலக்கி, கலங்கல் தண்ணீரைச் சொம்பில் மொண்டு கொட்டுங்கள். மணலை அள்ளாதீர்கள். அதன்பின் படலம் தேறும் வரை சில நாட்கள் மறுபடி காய்ச்சிக் குடியுங்கள்.