வாங்குவதா, சேர்ப்பதா? சுங்கை சிப்புட்டில் ஒரு வேலைக் கணினி

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் கல்யாண வீடியோ, ஆல்பம், கோயில் திருவிழா பேனர் என்று செய்து பிழைக்கிறவன் நான். சுற்றியுள்ள தோட்டங்களில் இருந்தவர்களில் பலர் தாமான் என்கிற குடியிருப்புகளுக்குக் குடிவந்துவிட்டார்கள். ஆனாலும் கல்யாணம் என்றால் பழைய லயத்து (தோட்டத்து வரிசை வீடுகளின்) ஆட்கள் மொத்தமும் கூடிவிடுவார்கள். வேலைக்குக் குறைவில்லை. கணினிதான் படுத்துவிட்டது.

காரணம் இடி. ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர் என்று இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட மாதங்களில் இங்கே மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வானத்தை நம்ப முடியாது. அன்று வீட்டில் ஃபேன், ரவுட்டர், டிவி எல்லாம் தப்பின. கணினியின் பவர் சப்ளை மட்டும் போனது.

அது ஒரு பிராண்ட் டெஸ்க்டாப், சின்ன உருவம். எந்தக் கடையிலும் கிடைக்கிற, ஏ.டி.எக்ஸ். என்ற பொது அளவுப் பவர் சப்ளை அதற்குள் உட்காராது. வடிவமும் வேறு, எல்லாப் பாகமும் வந்து சேரும் பலகையான மதர்போர்டில் செருகும் பிளக்கும் வேறு. அலுவலகத்துக்கென்று வரும் மெஷின்கள் பலவும் இப்படித்தான். இணையத்தில் பழைய பாகம் ஒன்று கிடைத்தது, வாங்கிப் போட்டிருக்கலாம். ஆனால் உள்ளே இருந்தது இன்டெல் ஏழாம் தலைமுறை ஐ5 புராசஸர். விண்டோஸ் 11 கேட்பது எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 10-க்கோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்டால் இன்னும் ஓராண்டு பாதுகாப்பு அப்டேட் வரும், சரி. அந்த ஓராண்டுக்காக அதில் மறுபடி காசு போட மனம் வரவில்லை.

வீட்டில் உடனே இரண்டு கட்சி. "பிராண்டே வாங்குங்க. ஒண்ணு ஆச்சுன்னா போன் போட்டா வந்து பார்ப்பாங்க" என்பது மனைவி. "அண்ணே, அந்தக் காசுக்கு நானே பாகமா வாங்கி உங்களுக்கு ரெண்டு மடங்கு வேகமா ஒண்ணு சேர்த்துத் தரேன்" என்பது ஈப்போவில் இருக்கும் சித்தப்பா மகன். அவன் கேம் விளையாடுகிறவன்.

மனைவி சொன்னதில் நியாயம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு வீட்டுக்கே வந்து பழுது பார்க்கும் உத்தரவாதம், விண்டோஸ் உரிமம் உள்ளே, ஒரே ரசீது. அக்கவுண்ட் வேலையோ கடை பில்லிங்கோ பார்க்கிறவர் என்றால் மேலே யோசிக்காமல் இதையே வாங்கலாம். ஆனால் சின்ன எழுத்தில் உள்ளதையும் படித்தேன். 'மறுநாள் வருவோம்' என்றால் மறு வேலை நாள். அதுவும் முதலில் போனில் சோதித்து, என்ன பாகம் போயிற்று என்று அவர்கள் முடிவு செய்த பிறகு. எனக்குச் சனி, ஞாயிறுதான் வேலை நாள். தவிர, மின்னலாலோ மின்னழுத்தம் ஏறியோ வரும் சேதம் உத்தரவாதத்தில் சேராது என்று நான் பார்த்த பத்திரங்கள் எல்லாவற்றிலும் இருந்தது. இந்த ஊரில் கணினி சாவதே அதனால்தான்!

தம்பி கொடுத்த பட்டியலில் பாதிப் பணம் கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போயிருந்தது. இங்கேதான் நான் நிறைய நேரம் செலவழித்தேன், வேலைக்குக் கணினி வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடமும் இதுதான். என் சோனி கேமராவில் எடுப்பது எச்.265, 10 பிட், 4:2:2 என்ற வீடியோ வகை. நிறத் தகவல் அதிகம் என்பதால் சிவப்புப் பட்டுப்புடவை, மஞ்சள் பூசிய முகம் எல்லாம் கலர் சரிசெய்யும்போது கெடாது. ஆனால் இந்த வகைக் கோப்பைத் தடங்கலில்லாமல் ஓட்டிக் காட்ட, அதைப் பிரித்துப் படிக்கும் வசதி சில்லுக்குள்ளேயே இருக்க வேண்டும். என்விடியா கார்டுகளில் அது 2025-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 50 வரிசையில்தான் வந்தது. இன்டெல் புராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸில் பதினோராம் தலைமுறையிலிருந்தே உண்டு. குவிக் சிங்க் என்பார்கள். தம்பி போட்டிருந்தது எஃப் என்று முடியும் ஐ5, கூடவே பழைய வரிசைக் கார்டு. எஃப் என்றால் உள் கிராஃபிக்ஸ் கிடையாது. கேமுக்கு நல்ல மெஷின். என் கல்யாண வீடியோவோ அதில் எடிட் செய்யும்போது டைம்லைனில் திக்கித் திக்கித்தான் ஓடும்.

ஆகவே கார்டே வேண்டாம் என்று முடிவெடுத்தேன். 12-ஆம் தலைமுறை இன்டெல் ஐ5-12500 போதும். 12400 இன்னும் மலிவு, ஆனால் அதன் உள் கிராஃபிக்ஸில் வீடியோவைப் பிரித்துப் படிக்கும் எந்திரம் ஒன்று, 12500-இல் இரண்டு. கலர் வேலை நிறையச் செய்கிறவர்களுக்கும் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் கார்டு வேண்டியிருக்கும். நான் பயன்படுத்துவது பிரீமியர்.

அப்புறம் ரேம். 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றம் தெரிந்ததுதான். செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களுக்கே சரக்கு போகிறது. புது வகையான டிடிஆர்5-இல் 32 ஜிபி விலையைக் கேட்டதும் 'பேசாமல் பிராண்டே வாங்கிவிடலாமா' என்று எனக்கே தோன்றியது, பழைய விலைக்கு வாங்கிய சரக்கு அவர்களிடம் இருந்ததால். ஆனால் செத்த மெஷினில் முந்தைய வகையான டிடிஆர்4 ரேம் 32 ஜிபி நல்லபடியாக இருந்தது. 12-ஆம் தலைமுறைக்கு டிடிஆர்4 ஏற்கும் பி760 மதர்போர்டுகள் கிடைக்கின்றன. வேகம் கொஞ்சம் குறைவு, பரவாயில்லை. தராசு அந்த ரேமால்தான் சேர்ப்பதன் பக்கம் சாய்ந்தது. கையில் பழைய ரேம் இல்லாதவருக்கு இதே கணக்கு வேறு மாதிரி வந்திருக்கும்.

சேர்ப்பது என்றால் நானே திருகாணி பிடிப்பது என்று இல்லை. ஈப்போ யிக் ஃபூங் கட்டடம் பக்கம் போய், எல்லாப் பாகத்தையும் ஒரே கடையில் எடுத்தேன். இணையத்தில் ஒவ்வொன்றையும் ஒவ்வோர் இடத்தில் வாங்கியிருந்தால் கொஞ்சம் மிச்சமாகியிருக்கும். ஆனால் மெஷின் ஆன் ஆகவில்லை என்றால், போர்டு விற்றவர் பவர் சப்ளையைக் கைகாட்டுவார், பவர் சப்ளை விற்றவர் போர்டைக் கைகாட்டுவார். ஒரே கடை என்றால் கேசிங்கோடு, அதாவது வெளிப்பெட்டியோடு, தூக்கிக்கொண்டு போய் மேசையில் வைத்துவிடலாம். தவுக்கேயிடம் (கடை முதலாளியிடம்) பழைய ரேமை நீட்டி, இதைப் போட்டுச் சோதித்துத் தர முடியுமா என்றேன். "போலே, போஸ்" (முடியும், பாஸ்) என்றார். சாயங்காலம் தயார்.

விண்டோஸ் உரிமத்தை மட்டும் பட்டியல் போடும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய பிராண்ட் மெஷினோடு வந்த உரிமம் அந்த மெஷினோடு சரி, புதியதற்கு மாற்ற முடியாது. அதையும் சேர்த்து 2,700 ரிங்கிட்டுக்குள் முடிந்தது. பிராண்ட் மெஷின் 3,800 சொன்னார்கள், அதிலும் ரேம் 16 ஜிபிதான்.

கணக்குப் பார்க்கும் மச்சான் இன்னொன்று சொன்னார். வருமான வரியில் கணினிக்கு உள்ள 2,500 ரிங்கிட் லைஃப்ஸ்டைல் கழிவு தொழிலுக்கு வாங்கும் கணினிக்குப் பொருந்தாது. தொழில் கணக்கில் மூலதனக் கழிவாகத்தான் காட்ட வேண்டும். ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மிச்சமான காசில் ஒரு யு.பி.எஸ். வாங்கினேன். அது மின்சாரம் போகும்போது கோப்பைச் சேமிக்க நேரம் தரும், சின்ன ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். பக்கத்தில் விழும் மின்னலுக்கு எந்தப் பெட்டியையும் நம்பக்கூடாது. இடி கேட்டால் பிளக்கைப் பிடுங்குவதுதான் வழி. ரவுட்டரிலிருந்து கணினிக்கு வரும் கேபிளையும் சேர்த்து. வீட்டுக்கு இணையம் கொண்டுவரும் ஃபைபர் கண்ணாடி இழை, அதில் மின்சாரம் ஏறாது. ஆனால் ரவுட்டரின் அடாப்டர் சுவரில்தானே இருக்கிறது? அந்த வழியாக ஏறி, கேபிள் பிடித்து மதர்போர்டுக்கு வரும்.

சிக்கனத்துக்காக எடுத்த கேசிங்கின் ஃபேன் சத்தம்தான் இப்போதைக்குக் குறை. அடுத்த முறை ஈப்போ போகும்போது மாற்ற வேண்டும். சாதாரண 120 மில்லிமீட்டர் ஃபேன், எந்தக் கடையிலும் கிடைக்கும்.