மேக்னெட்டோ சோதனையில் எஞ்சின் உதறினால்

சின்ன விமான எஞ்சினில் சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக், அவற்றுக்குத் தனித்தனி மேக்னெட்டோ (பிளக்கில் பொறி பறக்க மின்சாரம் தரும் கருவி). செஸ்னா 172எஸ் கையேட்டின்படி 1800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1800 சுற்று) ஒரு மேக்னெட்டோவை அணைத்து மற்றதில் மட்டும் ஓட்டி, ஒவ்வொன்றாகச் சோதிக்கும்போது ஆர்பிஎம் 150க்கு மேல் இறங்கக் கூடாது. இரண்டுக்கும் வித்தியாசம் 50க்குள்.

எஞ்சின் உதறியதும் மேக்னெட்டோவைக் கழற்றக் கிளம்பிவிடுகிறார்கள். அவசரம் எதற்கு? பெரும்பாலும் கீழ்ப்பக்க பிளக்கில் விமானப் பெட்ரோலில் கலந்திருக்கும் ஈயம் படிந்திருக்கும். எரிபொருள் கலவையைக் குறைத்து, ஆர்பிஎம் ஏற்றிக் கொஞ்ச நேரம் ஓட்டினால் பல சமயம் எரிந்துவிடும். போகவில்லையா? எஞ்சின் ஆறிய பிறகு, கோளாறான மேக்னெட்டோவில் மட்டும் சிறிது ஓடவிட்டு நிறுத்துங்கள். எந்த எக்ஸாஸ்ட் குழாய் சூடேறவில்லையோ, அந்த சிலிண்டரின் பிளக்கும் வயரும்தான் முதல் சந்தேகம்.

அப்புறம், ஆர்பிஎம் துளிகூட இறங்காவிட்டால் சந்தோஷப்படாதீர்கள். மேக்னெட்டோவை அணைக்க உதவும் எர்த் வயர் அறுந்து, அது அணையாமலே இருக்கலாம். அப்படியானால் சாவியை அணைத்த பிறகும் புரொப்பெல்லரைக் கையால் திருப்பினால் எஞ்சின் கிளம்பிவிடக்கூடும்.