என்னைக் கவிழ்த்தது சேறு

ஒரு வேதிப்பொருள் தண்ணீரில் எளிதில் சிதையுமா என்று பார்க்கும் ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பு) வகுத்த 301எஃப் சோதனையை முதன்முதலாகச் செய்தபோது, என் கவனமெல்லாம் அந்தப் பொருள் மேலேயே இருந்தது. கவிழ்த்தது கழிவுநீர் நிலையத்திலிருந்து வாங்கிவந்த சேறு.

சோதனை கேட்க எளிமையாகத்தான் இருக்கும். தாது உப்புகள் கலந்த நீரில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் பொருளைப் போட்டு, கொஞ்சம் சேறு சேர்த்து, பாட்டிலை இறுக மூடி, இருட்டில் 22 டிகிரியில் 28 நாள் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சேற்றில் இருக்கும் நுண்ணுயிரிகளுக்குத் தீனி அந்தப் பொருள் மட்டும்தான். அவை தின்னத் தின்ன ஆக்சிஜன் குறையும். வெளிவரும் கரியமில வாயுவை சோடா லைம் உறிஞ்சிவிடுவதால் பாட்டிலுக்குள் அழுத்தம் இறங்கும். பொருள் முழுதும் சிதையத் தேவையான ஆக்சிஜனில் எத்தனை சதவீதம் செலவானது என்று, அந்த இறக்கத்தை வைத்துத்தான் கணக்கு.

சேறு வந்த அன்றே, கழுவக்கூடப் பொறுமையில்லாமல் ஊற்றிவிட்டேன். பொருளே போடாத பிளாங்க் பாட்டில், லிட்டருக்கு 60 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜனைக் குடித்துத் தீர்த்தது. வழக்கமாக 20, 30 தான் வரும். சேற்றோடு வந்த பழைய அழுக்கையே நுண்ணுயிரிகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு மாத உழைப்பு குப்பைக்குப் போனது.

இரண்டாம் முறை சேற்றைக் கழுவி, தாது நீரில் ஒரு வாரம் வெறும் காற்று மட்டும் ஊட்டிப் பட்டினி போட்டேன். சோதனைப் பொருளை முன்கூட்டிக் காட்டிப் பழக்குவதுதான் கூடாது. இப்படிப் பட்டினி போட விதியில் இடமுண்டு. இம்முறை பிளாங்க் அடங்கியது. சேறு வேலை செய்கிறதா என்று பார்க்க, எளிதில் சிதையும் சோடியம் பென்சோயேட் போட்ட பாட்டில் 14 நாளுக்குள் 60 சதவீதம் தாண்டியாக வேண்டும். ஒரு வாரத்திலேயே தாண்டிவிட்டது. பொருளையும் பென்சோயேட்டையும் சேர்த்துப் போட்ட பாட்டிலிலும் சிதைவு நன்றாகவே நடந்தது. ஆக, பொருள் நுண்ணுயிரிகளுக்கு விஷமில்லை.

எங்கள் பொருள்தான் மெதுவாக நகர்ந்தது. ஆறாம் நாள் 10 சதவீதம். அங்கிருந்து 10 நாளுக்குள் 60 தொட வேண்டும் என்பது விதி. பதினாறாம் நாள் காலை 54 காட்டியது. கருவியை எத்தனை முறை தட்டிப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

28ஆம் நாள் 67. "அறுபதைத் தாண்டிடுச்சே, பாஸ்தானே?" என்றார் மேலதிகாரி. கலவையாக இருந்திருந்தால் அந்த 10 நாள் கெடுவைத் தளர்த்தக் கேட்டிருக்கலாம். எங்களுடையது ஒற்றைச் சேர்மம். வரைபடத்தை அவர் முன் வைத்து, 10 சதவீதத்தில் ஒரு கோடும் அதிலிருந்து பத்தாம் நாளில் இன்னொரு கோடும் போட்டுக் காட்டினேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, அறிக்கையில் இருந்த 'எளிதில் சிதைவது' என்ற வரியை அவரே அடித்தார்.